கார்வெட்டுக்குத் தமிழில் வழித்துணைக் கலம்

போன வாரம் இரண்டாம் உலகப் போரின் அட்லாண்டிக் சண்டைகளைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தைத் தமிழ்க் குரலில் பார்த்தேன். 1943 மார்ச் 11-ல் நடந்த ஒரு சண்டை அதில் வருகிறது. எச்.எக்ஸ். 228 என்று எண்ணிட்ட சரக்குக் கப்பல் கூட்டம் ஒன்று அமெரிக்கக் கரையிலிருந்து பிரிட்டனுக்கு வந்துகொண்டிருந்தது. அதற்குக் காவலாக வந்த ஹார்வெஸ்டர் என்ற கப்பல், யூ-444 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மோதித் தானும் அடிபட்டது. அந்த நீர்மூழ்கியை அகோனித் என்ற இன்னொரு காவல் கப்பல் வந்து மோதி மூழ்கடித்தது. அப்புறம், நகர முடியாமல் நின்ற ஹார்வெஸ்டரை யூ-432 என்ற இன்னொரு நீர்மூழ்கி, நீருக்கடியில் பாய்ந்துபோய் வெடிக்கும் டார்ப்பிடோவை விட்டுச் சாய்த்தது. அகோனித் திரும்பி வந்து யூ-432-ஐயும் முடித்துவிட்டு, தண்ணீரில் தத்தளித்தவர்களை ஏற்றிக்கொண்டது.

இதைத் தமிழ்க் குரல் எப்படிச் சொன்னது தெரியுமா? "நாசகாரி சேதமடைந்தது. நாசகாரி விரைந்து வந்தது. நாசகாரி மூழ்கியது. பிறகு நாசகாரி நீர்மூழ்கியைத் தாக்கியது." பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள், "அதான் மூழ்கிடுச்சே, அப்புறம் எப்படிப்பா வந்து அடிச்சுது?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. ஹார்வெஸ்டர் ஒரு டெஸ்ட்ராயர், அதாவது தமிழில் நாசகாரி என்று வழங்கும் வேகமான போர்க்கப்பல்; அகோனித் ஒரு கார்வெட், அதாவது அதைவிடச் சிறிய, மெதுவான காவல் கப்பல். மூலத்தில் இரண்டு சொல் இருக்க, மொழிபெயர்த்தவர் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டார். இது முதல் தடவையும் இல்லை. செய்தியிலும் கட்டுரையிலும் கார்வெட் என்று வந்தால் கைக்குக் கிடைத்த நாசகாரியை எடுத்து ஒட்டிவிடுவது பழக்கமாகிவிட்டது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சொல்லின் பிறப்பு. கார்வெட் என்பது பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்கும் முன்னால் டச்சு மொழியின் கோர்ஃப், அதாவது கூடை என்ற சொல்லில் போய் நிற்கும் என்பார்கள். லத்தீனில் கோர்பிஸ் என்றாலும் கூடைதான். கோர்பிட்டா என்பது ரோமானியர்களின் சரக்குக் கப்பல். பாய்மரக் காலத்தில் ஃபிரிகேட் என்ற நடுத்தரப் போர்க்கப்பலுக்கு அடுத்தபடியாக இருந்த சிறிய போர்க்கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் கார்வெட் என்றார்கள். பிரிட்டிஷ் கடற்படையில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பெயர் வழக்கொழிந்தது. 1939-40-ல், கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் அதைத் தூசி தட்டி எடுத்துப் புதுக் கப்பல்களுக்கு வைத்தார் என்பது பரவலான வழக்கு. அதற்கு முன் அந்தக் கப்பல்களைத் திமிங்கில வேட்டைக் கப்பல் மாதிரியில் அமைந்த ரோந்துக் கப்பல் என்றுதான் காகிதத்தில் எழுதினார்கள். பிறப்பைப் பற்றி இவ்வளவு போதும். விஷயம் அந்தப் புதுக் கப்பல்களில் இருக்கிறது.

போர் வரப்போகிறது என்று தெரிந்தபோது பிரிட்டனிடம் டெஸ்ட்ராயர்கள் போதவில்லை. அவற்றைக் கட்டப் பெரிய தளங்களும் நாளும் வேண்டும். அப்போது மிடில்ஸ்பரோ பக்கத்தில் ஸ்மித்ஸ் டாக் நிறுவனத்தில் இருந்த வில்லியம் ரீட், தங்கள் தளத்தில் 1936-ல் கட்டிய சதர்ன் பிரைட் என்ற திமிங்கில வேட்டைக் கப்பலின் வரைபடத்தை எடுத்து வளர்த்தார். சரக்குக் கப்பல் கட்டும் சின்னத் தளங்களாலும் கட்டக்கூடிய கப்பல். 205 அடி நீளம். சாதாரண நீராவி எந்திரம், தண்ணீரைத் தள்ளும் சுழல்விசிறி ஒன்றே ஒன்று, 2,750 குதிரைத்திறன். மணிக்கு 16 கடல்மைல் வேகம். முன்னால் ஒரு நாலங்குலப் பீரங்கி, பின்னால் குறித்த ஆழத்தில் போய் வெடிக்கும் உருளைக் குண்டுகள். ஆட்கள் பெரும்பாலும் வணிகக் கப்பலிலிருந்தும் கரை வேலைகளிலிருந்தும் வந்த சேமப்படையினர். ஈரப் புல்லில் விட்டாலும் இந்தக் கப்பல் உருளும் என்று மாலுமிகளே சொல்வார்கள். முதலில் கட்டியவற்றில் சமையலறை பின்பக்கம், ஆட்கள் தங்குமிடம் முன்பக்கம். நடுவில் அலையடிக்கும் திறந்த தளத்தைக் கடந்து சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் எல்லாம் நனைந்து ஆறிப்போயிருக்கும். இப்படி 200-க்கும் மேற்பட்ட கப்பல்கள் பிரிட்டனிலும் கனடாவிலும் கட்டப்பட்டன. இன்றைக்கு மிச்சம் ஒன்றே ஒன்று. அது கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறையில் நிற்கும் சாக்வில்.

சரி, இதை நாசகாரி என்று சொன்னால் என்ன குற்றம்?

ஹார்வெஸ்டரின் எந்திரம் 34,000 குதிரைத்திறன். மணிக்கு 30 கடல்மைலுக்கு மேல் ஓடும். டார்ப்பிடோ விடும். பெரிய போர்க்கப்பலோடு சேர்ந்து எதிரிக் கடற்படையைத் தேடிப்போகும். டெஸ்ட்ராயர் என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. 1890-களில் டார்ப்பிடோ படகுகள் பெரிய கப்பல்களுக்குச் சிம்மசொப்பனமாக இருந்தன. அவற்றைத் துரத்தி அழிக்க வந்தது டார்ப்பிடோ படகு டெஸ்ட்ராயர். நாளடைவில் முன்பாதி உதிர்ந்து பின்பாதி மட்டும் நின்றது. தமிழில் நாம் அந்த மிச்சத்தை எடுத்து நாசகாரி ஆக்கினோம். கேட்டால் ஏதோ ஊரையே அழிக்கக் கிளம்பிய கப்பல் போல இருக்கிறது. டெஸ்ட்ராயருக்கே அது சரியாகப் பொருந்தவில்லை. அதை நான் இப்போது மாற்றச் சொல்லவில்லை, வேரூன்றிவிட்டது. கார்வெட்டின் மேலும் அதை ஏற்றுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஏனென்றால் கார்வெட்டின் வேலை அழிப்பது அல்ல. அந்தக் காலத்து நீர்மூழ்கி மேல்மட்டத்தில் மணிக்கு 17 கடல்மைல் ஓடும். கார்வெட்டோ 16. துரத்திப் பிடிக்கவே முடியாது. ஆனால் நீர்மூழ்கி உள்ளே இறங்கிவிட்டால் அதன் வேகம் ஏழு, எட்டுதான். எனவே அதைத் தலை தூக்கவிடாமல் அமுக்கி வைத்தாலே போதும், சரக்குக் கப்பல்கள் தாண்டிப் போய்விடும். காவல் கப்பல் தலைவர்களுக்குக் கொடுத்திருந்த கட்டளையிலும் முதல் குறிக்கோள் இதுதான்: கூட்டம் பத்திரமாக, நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மூழ்கடித்தது எத்தனை என்பதெல்லாம் அதற்கு அடுத்ததுதான். ஒரு நீர்மூழ்கியையும் அழிக்காமல், தன் கூட்டத்தில் ஒரு கப்பலையும் இழக்காமல் கரை சேர்த்த கார்வெட் தன் வேலையை முழுசாகச் செய்த கார்வெட். அதைப் போய் நாசகாரி என்றால், காவல்காரனைக் கொலைகாரன் என்று கூப்பிடுவது போலத்தான்.

தனித்தமிழில் பற்றுள்ள என் நண்பர் ஒருவருக்கும் நாசகாரி பிடிக்காது. ஆனால் அவர் காரணம் வேறு. நாசம் வடசொல், அதனால் அழிகலம் என்று வைக்கலாம் என்கிறார். தமிழாக்கிவிட்டால் தப்பான பொருள் சரியாகிவிடுமா? தூய தமிழ் வேண்டும் என்பதில் அவருக்கும் எனக்கும் கருத்து வேற்றுமை கிடையாது. ஆனால் தூய்மை இரண்டாம் படி, பொருள் முதல் படி. அதை நான் சொன்னதும் அவர், "அப்படியானால் வேர்ச்சொல்லுக்கே போவோம், கூடைக்கலம்" என்றார். ஒகேனக்கலில் பரிசலில் போனவர்கள் நிறையப் பேர் இருக்கும் நாட்டில், கூடைக்கலம் என்றால் பரிசல்தான் கண்ணில் வரும். 900 டன்னுக்கு மேற்பட்ட இரும்புக் கப்பல் வராது. ஒரு சொல் எங்கே பிறந்தது என்பது வேறு, இப்போது என்ன சொல்கிறது என்பது வேறு. மாவட்ட ஆட்சியரைக் கலெக்டர் என்கிறோம். அந்தச் சொல்லின் வேரைப் பார்த்து அவரை வசூல்காரர் என்று பலகை எழுதி மாட்டுவோமா? வேர்ச்சொல்லைப் பெயர்ப்பது மொழிபெயர்ப்பு ஆகாது என்பதை நம் சொல்லாக்கக்காரர்கள் இன்னும் ஏற்கவில்லை. கலைச்சொல் பட்டியல்களைப் புரட்டினால் இப்படிப் பிறந்து, ஒருவர் வாயிலும் நுழையாமல் காகிதத்திலேயே கிடக்கும் சொற்கள் கொட்டிக்கிடக்கின்றன.

சிறு போர்க்கப்பல் என்று எழுதுகிறவர்களும் உண்டு. பிழை இல்லை, ஆனால் பயனும் இல்லை. கடலில் போட்ட கண்ணிவெடிகளை அகற்றும் கண்ணிவாரிக் கப்பலும் சிறு போர்க்கப்பல், ரோந்துக் கப்பலும் சிறு போர்க்கப்பல். வேறு சிலர் துணைக்கப்பல் என்கிறார்கள். அதில் ஆபத்து இருக்கிறது. துணைத்தலைவர், துணைவேந்தர் என்று பழகிய காதுக்கு, துணைக்கப்பல் என்றால் அடுத்த நிலைக் கப்பல் என்றோ, எண்ணெயும் சோறும் கொண்டுவந்து கொடுக்கும் ஏவல் கப்பல் என்றோ படும்.

நான் சொல்வது வழித்துணைக் கலம். வழித்துணை நாம் புதிதாகச் செய்ய வேண்டிய சொல் அல்ல. வேலூர்ப் பக்கம் விரிஞ்சிபுரத்தில் இறைவனுக்கே வழித்துணைநாதர் என்று பெயர். கள்வருக்குப் பயந்த ஒரு மிளகு வணிகருக்கு இறைவன் கூடவே துணையாகப் போய்க் கரைசேர்த்த கதையை அந்த ஊர்த் தலபுராணம் சொல்கிறது. சரக்கோடு போகிற வணிகர், வழியில் பதுங்கியிருக்கும் பகை, கூடப்போகும் காவல். கார்வெட்டின் வேலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? கலம் என்பதும் பழைய சொல்தான். மரக்கலம் என்று இன்றும் சொல்கிறோம்.

ஒரு தடை எழும். டெஸ்ட்ராயரும் ஃபிரிகேட்டும்கூடக் காவலுக்குப் போயினவே, அவையும் வழித்துணைக் கலம்தானே? ஆமாம், அந்த வேலையைச் செய்தபோது அவையும் அப்படித்தான். ஆனால் அந்த வேலைக்கென்றே பிறந்தது கார்வெட். அதனால் முதல் இடத்தில் கார்வெட் என்ற வழித்துணைக் கலம் என்று சேர்த்து எழுதிவிட்டு, பிறகு எது வசதியோ அதை ஆளலாம். இன்றைய இந்தியக் கடற்படையின் கமோர்ட்டா, கில்தான் போன்ற கார்வெட்டுகளுக்கு இந்தச் சொல்லை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அவை 3,000 டன்னுக்கு மேற்பட்டவை, சரக்குக் கப்பலுக்குத் துணைபோகக் கட்டியவை அல்ல. அங்கே கார்வெட் என்பது கப்பலின் படிநிலைப் பெயர், அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிடுவதுதான் நேர்மை. போர் முடியும் காலத்தில் அரச இந்தியக் கடற்படைக்கு வந்த அஸ்ஸாம், கோண்ட்வானா, சிந்து முதலியவை அந்தப் பழைய வரிசைக் கப்பல்களே. அவற்றுக்கு இந்தப் பெயர் நன்றாகப் பொருந்தும்.

இதோடு வரும் இன்னொரு தொல்லை, ஆங்கிலத்தின் ஃபிளவர் கிளாஸை மலர் வகுப்பு என்று பெயர்ப்பது. இந்தக் கப்பல்களுக்கு கிளாடியோலஸ், ப்ளூபெல், ஸ்னோடிராப் என்று பூப்பெயர்கள் வைத்தார்கள். அகோனித்கூட ஒரு பூச்செடியின் பிரெஞ்சுப் பெயர்தான். ஒரே வரைபடத்தில் கட்டிய கப்பல்களின் தொகுதியை வகுப்பு என்றால் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வரும். மலர் வகை என்றால் போதும். கனடா நாட்டவர் தங்கள் கப்பல்களுக்கு ஊர்ப்பெயர் வைத்தாலும் அவையும் இந்த மலர் வகைதான்.

ஆங்கிலத்தில் கான்வாய் எனும் கப்பல் கூட்டத்தை அந்த ஆவணப்படம் கப்பல் வரிசை என்றது. அதுவும் சரியில்லை. அது ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் எறும்புச் சாரி அல்ல. பக்கவாட்டில் எட்டு, ஒன்பது பத்தி, ஒவ்வொரு பத்தியிலும் நாலைந்து கப்பல் என்று, நீளத்தைவிட அகலம் கூடிய செவ்வகமாகப் போகும். டார்ப்பிடோ பெரும்பாலும் விலாப்புறத்திலிருந்து வருவதால் விலாவைக் குறுக்கிக்கொள்ளும் உபாயம் அது. இலங்கையில் வாகனங்களுக்குச் சொல்லும் தொடரணியும் இங்கே அதனாலேயே உதவாது. நமக்குச் சாத்து என்ற சொல் இருக்கிறது. கூட்டமாகச் சரக்கோடு போகும் வணிகரைச் சங்கத் தமிழ் அப்படித்தான் சொன்னது. கப்பற்சாத்து என்று எழுதிப் பாருங்கள்.

மகளுக்கு அந்தக் காட்சியை நான் இப்படித் திருப்பிச் சொன்னேன்: "சாத்துக்குக் காவலாப் போன நாசகாரி ஹார்வெஸ்டர் மூழ்கிடுச்சு. அதை மூழ்கடிச்ச நீர்மூழ்கியை, கூட வந்த வழித்துணைக் கலம் அகோனித் திரும்பி வந்து முடிச்சுட்டு, தண்ணியில கிடந்தவங்களைத் தூக்கிக்கிச்சு." இந்தத் தடவை அவள் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை பேரைத் தூக்கியது என்று மட்டும் கேட்டாள்.