கணினிக்குள் ஓடும் ஒரு லிட்டர் தண்ணீர்

என் மேசைக்குப் பக்கத்தில் நிற்கும் மயில்கழுத்து நிறப் பெட்டி, தண்ணீர் ஓட விட்டுக் குளிர்விக்கும் என் கணினி. அதைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "கரண்ட் ஓடுற இடத்துல தண்ணிய விட்டா எப்படி?" என்றுதான். அடுத்தது, "அப்போ ஃபேனே வேண்டாமா?" இந்த இரண்டாவது கேள்விக்குள்தான் விஷயமே இருக்கிறது. ஃபேன் கட்டாயம் வேண்டும். என் பெட்டியில் ஆறு ஃபேன்கள் ஓடுகின்றன. தண்ணீர் வெப்பத்தை அழிப்பதில்லை. சிப்பிடம் வாங்கிய வெப்பத்தை வேறோர் இடத்துக்குத் தூக்கிப்போய்க் காற்றிடம் கொடுக்கிறது.

இன்டெல் கோர் ஐ9-14900கே பிராசசர் முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். அதன் சிலிக்கான் துண்டு சுமார் 257 சதுர மில்லிமீட்டர், அதாவது ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. கணக்குப் போட்டால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 100 வாட். 1500 வாட் மின்சார அடுப்பின் தட்டில்கூட சதுர சென்டிமீட்டருக்கு 6 வாட் அளவுதான் வரும். இதோடு 450 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்தால் மொத்தம் 700 வாட். இது ஒரு சிறிய இஸ்திரிப் பெட்டியின் அளவுதான், பெரிய வெப்பமில்லை. ஆனால் அது பிறக்கும் இடம் மிகக் குறுகியது.

காற்று வெப்பத்தை மெதுவாகத்தான் வாங்கும். அதற்கு நிறையப் பரப்பு காட்ட வேண்டும். சிப்பின் மேல் மாட்டும் சாதாரண ஏர் கூலரில் (ஃபேனும் உலோகத் தகடுகளும் சேர்ந்தது) அந்தப் பரப்பு முழுவதையும் சிப்பின் தலைமேலேயே அடுக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் போனதும் இடம் தீர்ந்துவிடும். தண்ணீர் இந்தக் கட்டாயத்தை நீக்கிவிடுகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி சூடேற 4.18 ஜூல் வேண்டும். அதே கொள்ளளவுக் காற்றோடு ஒப்பிட்டால் தண்ணீர் 3,000 மடங்குக்கும் மேல் வெப்பம் சுமக்கும். அதனால் சுண்டுவிரல் தடிமனுள்ள குழாய் ஒன்றே போதும்; பெட்டியின் கூரையிலும் முன்பக்கத்திலும் இடம் இருக்கிற வரை ரேடியேட்டரை, அதாவது தண்ணீரின் வெப்பத்தைக் காற்றிடம் கொடுக்கும் மடிப்புத் தகடு அடுக்கை, மாட்டிக்கொள்ளலாம்.

சரி, சிப்பிடமிருந்து தண்ணீர் வெப்பத்தை எப்படி வாங்குகிறது? சிப்பின் மேல் உட்காரும் செம்புக் கட்டையை வாட்டர் பிளாக் என்பார்கள். திறந்து பார்த்தால் உள்ளே தலைமுடிக் கணக்கில் நெருங்கிய பள்ளங்கள் வரிசையாக இருக்கும். பாயும் தண்ணீரிலும் சுவரை ஒட்டிய ஒரு மெல்லிய படலம் மந்தமாகவே நகரும். வெப்பம் தடைப்படுவது அங்கேதான். பள்ளத்தைக் குறுக்கினால் அந்தப் படலமும் மெலிகிறது, செம்பு தண்ணீரைத் தொடும் பரப்பும் பெருகுகிறது. 1981இல் ஸ்டான்ஃபோர்டில் டக்கர்மேன், பீஸ் என்ற இருவர் சிலிக்கானிலேயே 50 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு) அகலப் பள்ளங்களைச் செதுக்கி, சதுர சென்டிமீட்டருக்கு 790 வாட் வரை வெளியேற்றிக் காட்டினார்கள். இன்றைய வாட்டர் பிளாக்கின் வேர் அந்தச் சோதனையில் இருக்கிறது.

புதிதாகக் கட்டுகிறவர்கள் மண்டையைக் குழப்பிக்கொள்வது, தண்ணீர் எதற்குப் பிறகு எதற்குப் போக வேண்டும் என்ற வரிசையில். கார்டுக்குப் போய்ச் சூடான தண்ணீர் அப்படியே பிராசசருக்குப் போகலாமா, நடுவில் ஒரு ரேடியேட்டர் வேண்டாமா? பம்ப் நிமிடத்துக்கு 4 லிட்டர் தள்ளுகிறது என்று வையுங்கள். 700 வாட்டும் அதில் ஏறினால் ஒரு சுற்றில் தண்ணீர் சூடாவது இரண்டரை டிகிரிதான். வேகமாகச் சுற்றும் தண்ணீர் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கும். அதனால் குழாய் எப்படி அழகாக வளையுமோ அப்படியே போடலாம். மீற முடியாத விதி ஒன்றுதான்: தண்ணீர்த் தொட்டி பம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். காற்றை உறிஞ்சினால் பம்ப் கெட்டுவிடும். பம்ப் நின்றால் என்ன ஆகும்? அந்த ஒரு லிட்டரும் ஆறு விநாடிக்கு ஒரு டிகிரி ஏறும் என்று காகிதத்தில் கணக்கு வரலாம். உண்மையில் பள்ளத்தில் தேங்கிய துளித் தண்ணீர்தான் சூடாகும், சிப் சில நொடிகளிலேயே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

தண்ணீர் என்றால் டிஸ்டில்டு வாட்டர். தூய தண்ணீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும் என்பது உண்மை. ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது. சில வாரங்களில் உலோகத்திலிருந்து அயனிகள் கரைந்து அந்தத் தூய்மை போய்விடும். செம்பும் அலுமினியமும் ஒரே சுற்றில் சேரவே கூடாது. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் நின்றால் அது ஒரு பேட்டரி, அரிக்கப்படுவது அலுமினியம். அரிப்பைத் தடுக்கும் மருந்தும் பாசிக்கு ஒரு மருந்தும் கலந்தே ஊற்ற வேண்டும்.

அப்புறம் பெயிண்ட். பெட்டியின் ரிவெட்டுகளைக் கழற்றி, தகடுகளைத் தனித்தனியாக எங்கள் தெருமுனை டிங்கரிங் பெயிண்டிங் கடைக்குத் தூக்கிப்போனேன். ஐப்பசி மாதம். பைக் டேங்குக்கு அடிக்கும் அண்ணன் தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, மழைக் காத்து. இன்னைக்கு அடிச்சா வெளுத்துடும்" என்றார். தின்னர் ஆவியாகும்போது தகட்டின் வெப்பத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. ஈரக் காற்றில் அந்தக் குளிர்ச்சியே போதும். காயாத பெயிண்ட்மேல் பனி படிந்து பால் போலப் பூக்கும். நண்பர்கள் "தொட்டியில ஐஸ் போட்டா?" என்று கேட்பதற்கும் பதில் இதுவேதான். சென்னைக் காற்றின் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பல நாட்களில் 24, 25 டிகிரி. தண்ணீர் அதற்குக் கீழே குளிர்ந்தால் குழாயின் வெளிப்புறம் வியர்த்து மதர்போர்டில் சொட்டும். ரேடியேட்டரால் மட்டும் குளிரும் தண்ணீர் அறைக் காற்றைவிடக் கீழே போகவே முடியாது, அதனால் வியர்க்காது. வரம்பு என்று நினைப்பதே இங்கே காவலாகவும் இருக்கிறது.

வெயில் வந்த பிறகு பிரைமர், வாட்டர் பேப்பர் தேய்ப்பு, மூன்று மெல்லிய கோட் நிறம், கடைசியில் கிளியர் கோட். மதர்போர்டு திருகு உட்காரும் இடங்களில் டேப் ஒட்டியிருந்தேன். எர்த் தொடர்புக்கு அங்கே வெறும் உலோகம் வேண்டும். ரேடியேட்டருக்கும் அடிக்கலாமா என்று நான் நிறைய யோசித்தேன். 50 மைக்ரான் பெயிண்ட் வெப்பத்துக்குத் தரும் தடை, காற்றே தரும் தடையில் நூறில் ஒரு பங்கு அளவுதான். ஆபத்து வேறு: மடிப்புத் தகடுகளுக்கு நடுவே இருப்பது ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. சொட்டு விழுந்து அது அடைத்தால் காற்றே போகாது. ஓரச் சட்டத்துக்கு மட்டும் அடித்தோம்.

குழாய்களை ஹீட் கன்னில் காட்டி, உள்ளே சிலிக்கோன் கயிறு நுழைத்து வளைத்தேன். கயிறு இல்லாவிட்டால் வளைவில் குழாய் நசுங்கும். ஒவ்வொரு இணைப்புக்குக் கீழும் டிஷ்யூ பேப்பர் வைத்து, மற்ற எதற்கும் மின்சாரம் தராமல் பம்பை மட்டும் ஒரு ராத்திரி முழுக்க ஓட விட்டேன். காலையில் எல்லாம் உலர்ந்தே இருந்தன.

முதல் நாள் ஒரு மணி நேரம் முழுச் சுமை கொடுத்துப் பார்த்தேன். அறை 31 டிகிரி, தண்ணீர் 43இல் நின்றது. கதவைச் சாத்தி இன்னும் ஒரு மணி நேரம் விட்டதும் அறை 33 ஆனது. தண்ணீரும் 45க்குப் போனது. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன். இரண்டும் சேர்ந்தே இறங்கத் தொடங்கின.