"பிடிச்சு விட்டுடத்தானே போறோம்"னு சொல்லி மூடின கடல்ல தூண்டில் போடாதீங்க

ஃபிஷிங் ட்ரிப் வர்றவங்கள போட்ல கூட்டிட்டுப் போறதுதான் என் தொழில். போன வாரமும் ஒரு குரூப், போட்ல கால் வச்சதும் கேட்ட மொதல் கேள்வியே "அண்ணே அந்த மூடியிருக்க பாறைப் பக்கம் போலாமா, நாங்க பிடிச்சத விட்டுடத்தானே போறோம்". முடியாதுன்னா உடனே மூஞ்சி மாறிடுது. இதுக்கு பதில் சொல்லிச் சொல்லி சலிச்சுப் போச்சு, அதான் எழுதியே வச்சிடறேன்.

மூடின இடம்னா பெரும்பாலும் அங்க மீன் பிடிக்கிற வேலையே தடை. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுதான் தப்புன்னு நீங்களா அர்த்தம் பண்ணிக்காதீங்க. இரை கட்டின முள்ளு தண்ணில எறங்கிட்டாலே பல ஊர் சட்டத்துல அது மீன்பிடி கணக்குதான், பெட்டி காலியா இருந்தாலும் அபராதம் வரும். பிடிச்சு விட அனுமதி இருந்தா அத விதியிலயே எழுதியிருப்பாங்க, எழுதலையா, இல்லன்னு எடுத்துக்கோங்க.

அப்புறம் இந்த "விட்டா பொழச்சுக்கும்". 10 மீட்டர் ஆழத்துல அழுத்தம் மேல இருக்கத விட 2 மடங்கு, 30 மீட்டர்ல 4 மடங்கு. அங்க கெடக்குற ஒரு களவா மீன சரசரன்னு மேல இழுத்தீங்கன்னா உள்ள இருக்க காத்துப்பை ஊதிப் போய், வயிறு வாய் வழியா பிதுங்கி கண்ணு ரெண்டும் வெளிய தள்ளி நிக்கும், தண்ணில விட்டாலும் கீழ போக முடியாம மல்லாக்க மிதக்கும், சுறா வந்து அடிச்சிட்டுப் போயிடும். நல்லா நீந்திப் போன மீனே பிறகு சாகுறது உண்டு, நீங்க பாக்கிறதில்ல அவ்ளோதான். எடை கட்டி மீன ஆழத்துக்கே எறக்கி விடுற கருவி இருக்கு, கண்டிப்பா வச்சுக்கோங்க, ஆனா அது கைல இருக்குன்னு மூடின இடத்துக்குள்ள போயிடக் கூடாது.

"மீன் அவ்ளோ இருக்கே, ஏன் மூடணும்"னு இன்னொரு கேள்வி. அட, அதனாலதாங்க பல இடத்த மூடுறதே! கரீபியன் கடல்ல நசாவு களவாங்கிற மீன் குளிர்கால பௌர்ணமிய ஒட்டி வருஷா வருஷம் அதே இடத்துல முட்டையிட கூட்டமா வந்து சேரும். சுத்துவட்டாரத்து மீன் மொத்தமும் ஒரே இடத்துல நிக்கிறதப் பாத்துட்டு நெறைய இருக்குன்னு நெனச்சு அள்ளினாங்க, பல இடத்துல அந்தக் கூட்டமே இல்லாமப் போச்சு.

விதி எல்லா இடத்துலயும் ஒண்ணுன்னும் நெனைக்காதீங்க. ஆஸ்திரேலியாவோட கிரேட் பேரியர் ரீஃப்ங்கிற பவளப் பாறைப் பகுதில, மேப்ல பச்சை கலர் போட்ட மண்டலத்த போட்ல கடந்து போலாம், மீன் பிடிக்கக் கூடாது. மஞ்சள்ல ஆளுக்கு ஒரு தூண்டில் ஒரு முள்ளு. பிங்க்ல அனுமதி இல்லாம நுழையவே கூடாது. அமெரிக்கால பெரும்பாலான மாநிலங்களுக்கு கரையிலருந்து 3 கடல் மைல் வரைக்கும்தான் மாநில விதி, டெக்சாஸ்ல 9, அத தாண்டினா மத்திய அரசு விதி, அதே மீனுக்கு சீசனும் அளவும் மாறலாம்.

கிளம்புற முன்னாடி மூடின இடத்தக் காட்டுற மேப்ப போன்ல டவுன்லோட் பண்ணிடுங்க, நடுக்கடல்ல சிக்னல் கெடைக்காது. போன மாசம் பாத்தத நம்பாதீங்க, இவ்ளோதான் பிடிக்கலாம்னு வச்ச மொத்த அளவு (கோட்டா) முடிஞ்சா சீசன நடுவுலயே மூடுவாங்க. எல்லைக் கோட்ட ஒட்டி இன்ஜின ஆஃப் பண்ணிட்டு அரட்டை அடிக்காதீங்க, நீரோட்டம் போட்ட உள்ள தள்ளிட்டுப் போயிடும், "தெரியாம வந்துட்டோம்"ங்கிறத ரோந்து ஆளுங்க தினமும் கேட்டுட்டுதான் இருக்காங்க. மூடின இடத்தக் கடந்து போறப்ப தூண்டில் நரம்ப சுருட்டி முள்ளக் கழட்டி உள்ள வச்சிடுங்க. மீன் அளவு வால் நுனி வரைக்குமா, வால் ரெண்டா பிரியற கவட்டை வரைக்குமான்னு விதியப் படிச்சுட்டு அளங்க. போட்லயே துண்டு போடாதீங்க, அளக்க மீன் முழுசா இருக்கணும்.

சிப்பி, மட்டி எடுக்கிறவங்களுக்குத் தனியா கெஞ்சிக் கேக்கிறேன். கடல்ல நச்சுப் பாசி இருக்குன்னு மூடியிருந்தா, சிப்பிக்குள்ள சேர்ந்த அந்த நஞ்சு எவ்ளோ நேரம் வேக வச்சாலும் போகாது, வாசனையும் ருசியும் வச்சுக் கண்டுபிடிக்கவும் முடியாது, மூச்சு நின்னு போற அளவுக்குக் கொண்டு போகும். குழந்தைங்க இருக்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்க, மூடல் அறிவிப்பு இருக்கான்னு அன்னைக்குக் காலைலயே அந்தக் கடல் பகுதிக்கான மீன்வளத்துறைல கேட்டுட்டு அப்புறம் எறங்குங்க.