குழலின் பள்ளங்களில் தங்கும் தண்ணீர்

ரேடியோ கட்டுப்பாட்டில் ஓடும் மாதிரிப் படகுகளைக் கட்டும் வாசகர் ஒருவர் தம் சிக்கலை எழுதிக் கேட்டிருந்தார். மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர், முதல் நாள் ஓட்டத்தில் படகின் பக்கவாட்டுத் துளை வழியே சீராகப் பீய்ச்சியதாம். மறுநாள் அதே படகை மெதுவாக ஓட்டியபோது ஒரு சொட்டுக்கூட வரவில்லை. மோட்டார் தொட முடியாதபடி சுட்டது. ஆனால் குழலைக் கழற்றி வாயால் ஊதினால் காற்று தாராளமாகப் போகிறது. அடைப்பே இல்லாத குழலில் தண்ணீர் ஏன் ஓட மறுக்கிறது என்பதே அவருடைய கேள்வி. இதற்கான விடை குழலின் நீளத்திலோ தடிமனிலோ இல்லை. படகின் உள்ளே அந்தக் குழல் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதில் இருக்கிறது.

பெரும்பாலான மாதிரிப் படகுகளில் குளிர்விப்புக்கென்று தனிப் பம்பு கிடையாது. சுக்கானிலோ படகின் அடிப்பாகத்திலோ முன்னோக்கித் திறந்த சிறு துளை ஒன்று இருக்கும். படகு நகரும்போது எதிர்வரும் தண்ணீர் அதில் மோதி, சிலிக்கோன் குழல் வழியாக வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும், அங்கிருந்து மோட்டாரைச் சுற்றியுள்ள நீருறைக்கும் சென்று, நீர்மட்டத்துக்கு மேலுள்ள துளை வழியே வெளியேறுகிறது. ஆற்று நீரோட்டத்தின் வேகத்தை அளக்க 1732-இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி பித்தோ பயன்படுத்திய வளைந்த குழாயின் தத்துவமும் இதுதான். மோதும் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்பது வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லும் படகு தண்ணீரை ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வல்லது. வினாடிக்கு 2 மீட்டரில் அது 20 செ.மீ. ஆகிறது; வினாடிக்கு 1 மீட்டரில் வெறும் 5 செ.மீ. மட்டுமே. உராய்வில் இழப்பது போக, கையில் இருப்பது இதனினும் குறைவு.

வெளியேறும் துளை நீர்மட்டத்துக்கு 3 செ.மீ. மேலே இருக்கிறது என்று கொள்வோம். இடையில் குழல் எவ்வளவு உயரம் ஏறி இறங்கினாலும், முழுவதும் தண்ணீர் நிரம்பிவிட்டால் ஏறிய உயரத்தை இறங்கும் பக்கம் ஈடுகட்டிவிடும். அந்த 3 செ.மீ.க்கு மட்டும் அழுத்தம் இருந்தால் போதும். வினாடிக்கு 0.8 மீட்டர் வேகமே அதைத் தந்துவிடும். முதல் நாள் நடந்தது இதுதான். குழல் காய்ந்திருந்தது, உள்ளே நுழைந்த தண்ணீர் தனக்கு முன்னால் இருந்த காற்றை ஒரே மூச்சாகத் தள்ளிக்கொண்டு போய் வெளியேற்றிவிட்டது.

படகைக் கரையேற்றியதும் குழலிலிருந்த தண்ணீரில் ஒரு பகுதி வடிந்துவிடுகிறது. குழல் தொய்ந்து தொங்கும் பள்ளங்களில் மீதி தங்கிவிடுகிறது. மறுநாள் படகு கிளம்பும்போது குழலுக்குள் தண்ணீர், காற்று, தண்ணீர், காற்று என்று மாறி மாறி அடைத்துக்கொண்டிருக்கும். பின்னாலிருந்து அழுத்தம் வந்தவுடன், ஒவ்வொரு பள்ளத்திலும் இருந்த தண்ணீர் முன்பக்கக் கையில், அதாவது பள்ளத்திலிருந்து மேலேறும் குழல் பகுதியில், ஏறி நிற்கிறது. இறங்கும் கைகளிலோ எடையற்றது போன்ற காற்றுதான் இருக்கிறது. ஆகவே ஏறிய உயரத்தை ஈடுகட்ட அங்கே ஏதுமில்லை. மூன்று பள்ளங்களில் தலா 4 செ.மீ. தண்ணீர் ஏறி நின்றால், மூன்றும் கூடி 12 செ.மீ.; வெளித்துளையின் 3 செ.மீ.யும் சேர்ந்து 15 செ.மீ. ஆகிறது. அதைத் தாண்ட வினாடிக்கு 1.7 மீட்டர் வேகம் வேண்டும். அதாவது, எதுவும் அடைக்காமலேயே, தேவைப்படும் வேகம் இரு மடங்குக்கு மேல் போய்விட்டது. வாயால் ஊதிப் பார்க்கும் சோதனை இதைக் காட்டிக்கொடுக்காது. நம் மூச்சு 30, 40 செ.மீ. நீருயரத்துக்குச் சமமான அழுத்தத்தைச் சிரமமில்லாமல் தந்துவிடும்.

ஒளிபுகும் குழலை மேசை விளிம்பில் மூன்று தொங்கல்களாக வளைத்து, ஒவ்வொன்றிலும் மை கலந்த தண்ணீரைச் சிறிதளவு விட்டு, ஒரு முனையில் மெல்ல ஊதிப் பார்த்திருக்கிறேன். மூன்று நீல நிறத் துண்டுகளும் ஒரே நேரத்தில் ஒரே பக்கமாக எழும்பி, துலாக்கோலின் தட்டுகளைப் போல அந்தரத்தில் நிற்கும் காட்சி எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. குமிழி தானாக மிதந்து மேலே போய்விடாதா என்று கேட்கத் தோன்றும். உள்விட்டம் 5 மி.மீ.க்குக் குறைந்த குழலில் பரப்பு இழுவிசை மிதப்பு விசையை வென்றுவிடுகிறது. குழலை நட்டுக்குத்தாக நிறுத்தினாலும் குமிழி இருந்த இடத்திலேயே நிற்கும். மாதிரிப் படகுகளில் பயன்படுபவை பெரும்பாலும் 3, 4 மி.மீ. குழல்களே.

மோட்டாரின் நீருறை அகலமானது என்பதால் அங்கே நிலைமை தலைகீழ்: காற்று மேலே கூடிவிடும். ஆகவே தண்ணீர் உறையின் அடியில் நுழைந்து உச்சியில் வெளியேற வேண்டும். மாற்றிப் பொருத்தினால் உறையின் மேல்பாதி காற்றோடு காய்ந்து கிடக்கும். குழலைப் பொறுத்தவரை, நுழைவாயிலிலிருந்து வெளித்துளை வரை படிப்படியாக ஏறிக்கொண்டே போகும்படி, தொய்வில்லாமல், படகின் உட்சுவரில் பிணைத்துச் செல்வதே சிறந்தது. சுழலும் தண்டின் இணைப்பிலிருந்து அது விலகி இருக்கட்டும். உரசினால் சிலிக்கோன் நொடியில் அறுந்து, வரும் தண்ணீரெல்லாம் படகுக்குள்ளேயே கொட்டும். கூர்மையாகத் திரும்ப வேண்டிய இடத்தில் குழல் மடிந்துவிடாமல் இருக்க, அதன்மேல் ஒரு கம்பிச்சுருளை மாட்டலாம்.

இங்கே ஒரு மூடநம்பிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். தண்ணீர் வேகமாக ஓடினால் வெப்பத்தை வாங்கிக்கொள்ள அதற்கு நேரம் போதாது என்று சொல்லி, வெளித்துளையை வேண்டுமென்றே சிறிதாக்குபவர்கள் இருக்கிறார்கள். வேகமாகப் போகும் ஒவ்வொரு சொட்டும் குறைவாகச் சூடாவது உண்மைதான். ஆனால் சொட்டுகளின் எண்ணிக்கை கூடுகிறது, உறையில் எப்போதும் குளிர்ந்த நீரே தொட்டுக்கொண்டிருக்கிறது, எனவே மொத்தத்தில் வெளியேறும் வெப்பம் அதிகரிக்கவே செய்யும். 1000 வாட் எடுக்கும் மோட்டார் அதில் பத்தில் ஒரு பங்கை வெப்பமாக்கினால், நிமிடத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் அந்த 100 வாட்டையும் வாங்கிக்கொண்டு 3 டிகிரி மட்டுமே சூடாகும். இவ்வளவு எளிய கணக்கைப் போட்டுப் பார்க்காமல், பந்தயத்தில் வென்றவர் சொன்னார் என்பதற்காக ஒன்றை நம்புவது எனக்கு வருத்தமளிக்கிறது. மோட்டாருக்குள் இருக்கும் சாதாரண வகை நியோடைமியம் காந்தங்கள் 80 டிகிரிக்கு மேல் சூடானால் தம் காந்தத்தன்மையில் ஒரு பகுதியை நிரந்தரமாக இழக்கும். தவறான நம்பிக்கைக்கு மோட்டார்தான் விலை கொடுக்கிறது.

வாசகரின் படகுக்கு வருவோம். அவர் அனுப்பிய படத்தில், குழல் மின்கலத்தின் மேல் ஏறி, சுக்கானை இயக்கும் சர்வோவுக்குப் பக்கத்தில் தொங்கி, மறுபடி மோட்டாருக்கு ஏறுகிறது. அதைப் படகின் ஓரமாக நகர்த்தி, மிச்சமான பத்து செ.மீ. குழலை வெட்டிவிடலாம். அதுவரை, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் வெளித்துளையில் வாயை வைத்து, கடைசிச் சொட்டு வெளியேறும்வரை ஊதிவிடுவது போதும்.