மெட்டஃபர் எல்லாம் உருவகமா?

'இந்தக் கதையில் மழை ஒரு மெட்டஃபர்' என்று யாராவது சொன்னால், தமிழில் உடனே 'உருவகம்' என்று மாற்றிக்கொள்கிறோம். அகராதியும் அதற்கு ஒப்பும். அணிகளுக்கு இலக்கணம் சொல்லும் பழைய நூலான தண்டியலங்காரம் ஒப்பாது.

மெட்டஃபர் கிரேக்கச் சொல். 'மெட்டா' என்பது இடமாற்றத்தைக் குறிக்கும் முன்னொட்டு. 'ஃபெரெய்ன்' என்றால் சுமத்தல். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்துபோவதுதான் நேர்ப்பொருள். இன்றைய கிரேக்கத்தில் வீட்டுச் சாமான் ஏற்றிச்செல்லும் லாரிகளிலும் இதே சொல்தான் எழுதியிருக்கும். அரிஸ்டாட்டில் இதற்குச் சொன்ன இலக்கணமும் அகலமானது: ஒன்றுக்குரிய பெயரை இன்னொன்றுக்குக் கொடுப்பது எல்லாமே மெட்டஃபர். அவர் சொன்ன நான்கு வகைகளில் சில, நம் கணக்கில் ஆகுபெயருக்குள் போய்விடும்.

உருவகம், வடமொழி 'ரூபக'த்தின் தமிழ் வடிவம். 'உரு' தமிழா வடமொழியா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. தொல்காப்பியத்தில் உருவகத்துக்குத் தனி இலக்கணம் கிடையாது. 'வினை பயன் மெய் உரு' என்று உவமவியலில் வரும் 'உரு'வும் நிறத்தைத்தான் குறிக்கிறது. தனி அணியாக இதற்கு வரையறை தருவது தண்டியலங்காரம்: 'உவமையும் பொருளும் வேற்றுமை ஒழிவித்து ஒன்றென மாட்டின் அஃது உருவகம் ஆகும்.' கவனியுங்கள், ஒப்பாகக் காட்டப்படும் உவமை, அதனால் விளக்கப்படும் பொருள் இரண்டும் அங்கே இருந்தாக வேண்டும். இருந்தால்தானே அவற்றை ஒன்றாக்க முடியும்?

'மதிமுகம்' உவமை, 'முகமதி' உருவகம் என்று பள்ளியில் சொற்களை இடம்மாற்றிக் காட்டுவார்கள். இந்த வித்தை ஏன் பலிக்கிறது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. தமிழில் தொகைச்சொல்லின் கடைசிச் சொல்தான் தலைமைச் சொல். வினை அதைத்தான் பற்றும். 'மதிமுகம் வாடியது' என்போம், வாடுவது முகம். 'முகமதி ஒளி வீசியது' என்போம், ஒளி வீசுவது மதி. வள்ளுவர் 'பிறவிப் பெருங்கடல்' என்றார். கடல் கடைசியில் வந்து நின்றதும் 'நீந்துவர்' என்ற வினை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பிறவியைக் கடலாக்கியவர் இறைவன் அடியைத் தெப்பமாக்காமல் விட்டுவிட்டார். ஒரு பாதியை மட்டும் உருவகித்ததால் அது ஏகதேச உருவகம்.

பொருள் வாய்திறக்காமல் உவமை மட்டும் வந்தால்? அதற்குத் தமிழில் வேறு பெயர்கள். 'காளை வந்தான்' என்றால் இளைஞனைச் சுட்ட ஒரு சொல்லும் இல்லை, அது உவமையாகுபெயர். ஒரு முழுச் செய்தியே அப்படி மறைந்து நின்றால் பிறிதுமொழிதல். 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்ற குறள் (475) அதற்கு எடுத்துக்காட்டு. மயிலிறகுதானே என்று அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் அதோடு நிறுத்திக்கொள்கிறார். எளிய பகைவர்தானே என்று பலரோடு மோதும் அரசனைப் பற்றிக் குறளில் ஒரு சொல்லும் இல்லை. இருக்கும் அதிகாரம் வலியறிதல் என்பதால் நமக்குப் புரிகிறது. ஆங்கிலத்தில் இம்மூன்றையும் மெட்டஃபர் என்றே சொல்லிவிடலாம். நாம் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறோம். பிரித்து வைத்ததை எல்லாம் மறுபடி 'உருவகம்' என்ற ஒரே மூட்டைக்குள் அடைப்பது எனக்கு நட்டமாகத்தான் படுகிறது.

தேய்ந்துபோன மெட்டஃபர்களும் உண்டு: மேசைக்கால், மலையடி. பேசும்போது இவற்றில் உடம்பு இருப்பதே நினைவுக்கு வராது. மொழிபெயர்க்கும்போதுதான் விழித்துக்கொள்ளும். ஊசிக்குத் தமிழில் காது. ஆங்கிலத்தில் அதே துளை கண்.

அப்படியானால் அந்த மழை? கதைக்குள் அது மழையாகவே பெய்கிறது, ஆட்களை நனைக்கிறது, கூடவே வேறொன்றையும் உணர்த்துகிறது. தானாக இருந்துகொண்டே பிறிதையும் சுட்டுவதற்குக் 'குறியீடு' என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. பொருளையும் உவமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'துயரமழை பொழிந்தது' என்று ஆசிரியர் எழுதியிருந்தால் தாராளமாக உருவகம் என்று சொல்லிக்கொள்ளலாம்.