"காசு வாங்கலையே சார்!"

போன மாதம் ஒருவர் வந்து, வழக்குப் போட முடியுமா என்று கேட்டார். டெலிகிராமில் தமிழ் நாவல்களுக்கென்று சேனல் நடத்துகிறவர். ராத்திரி கண்விழித்து ஸ்கேன் செய்து, கோணல் பக்கங்களை நேராக்கி, பக்கத்துக்குப் பக்கம் நடுவில் சேனல் பெயரைச் சாய்வாகப் பதித்து அவர் ஏற்றிய பிடிஎஃப்களை இன்னொரு சேனல்காரர் எடுத்துக்கொண்டாராம். பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரையும் போட்டுக்கொண்டாராம். "அத்தனையும் என் உழைப்பு சார், இது பச்சைத் திருட்டு" என்றார்.

போனை வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ஏதோ ஒரு கிளை நூலகத்தின் ஊதா முத்திரை. சில பக்கங்களின் ஓரத்தில் புத்தகத்தை விரித்துப் பிடித்திருக்கும் கட்டைவிரல். உரிமைப் பக்கத்தில் எழுத்தாளர் பெயர், அதன் கீழே அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்ற வரி, அந்த வரியின் மேலேயே இவருடைய சேனல் பெயர். எழுத்தாளர் நல்ல சுகத்தோடு இருக்கிறார். இந்த ஆண்டு புத்தகக் காட்சியில்கூட வாசகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அவரிடம் கேட்டீர்களா?" என்றேன். அதற்கு வந்த பதில்தான் தலைப்பில் இருக்கிறது. பதிப்புரிமை வழக்கு பார்க்கும் எந்த வக்கீலுக்கும் இந்தப் பதிலைக் கேட்டுக் காது புளித்திருக்கும். கல்லூரி மாணவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி அதிகாரி என்று யார் வந்தாலும் இதே பதில்தான், இதே நிம்மதிதான்.

சரி, நிதானமாகவே சொல்கிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 14ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். ஒரு நூலைப் படியெடுப்பது, மின்னணு வடிவில் சேமித்து வைப்பது, பிரதிகளைப் பொதுமக்களுக்கு வெளியிடுவது எல்லாம் உரிமையாளருக்கு மட்டுமே உரியவை. அதில் காசைப் பற்றிப் பேச்சே கிடையாது. அடுத்து 51ஆம் பிரிவு. விற்பதும் வாடகைக்கு விடுவதும் மீறல் என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, உரிமையாளருக்குப் பாதகமாகும் அளவுக்கு விநியோகிப்பதும் மீறல்தான் என்று தனியாகவும் சொல்கிறது. இலவசமாக வாரி வழங்கும் வள்ளல் அந்த இரண்டாவது வரியில் மாட்டுகிறார்.

63ஆம் பிரிவுதான் தண்டனை. தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தப் பிரிவிலேயே ஒரு விதிவிலக்கும் உண்டு. வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால், தகுந்த சிறப்புக் காரணத்தைத் தீர்ப்பில் எழுதிவிட்டு, நீதிபதி இந்தக் குறைந்தபட்ச அளவுக்கும் கீழே இறங்கலாம். காசு வாங்கவில்லை என்பது, குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு, தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சும்போது பேச வேண்டிய வசனம். அதைப் போய் முதல் நாளே தற்காப்பு என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், 63ஆம் பிரிவுக் குற்றம் போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடியது, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாதது என்று சொல்லிவிட்டது. எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. சிவில் நீதிமன்றத்தில் முடிய வேண்டிய தகராறை ஸ்டேஷன் பஞ்சாயத்தாக்க அது இடம் கொடுக்கிறது. ஆனாலும் இன்றைக்குச் சட்டம் அதுதான்.

உண்மையிலேயே காசு வரவில்லையா என்றால், அதுவும் சந்தேகம். சேனலில் கூட்டம் சேர்ந்ததும் நாவல்களுக்கு நடுவே ரம்மி விளம்பரம் வருகிறது, ஷேர் மார்க்கெட் டிப்ஸ் வருகிறது. அவையெல்லாம் சும்மா வருவதில்லை.

மறுபக்கத்துக் கணக்கையும் பார்த்துவிடுவோம். தமிழில் இன்று பல நூல்கள் சில நூறு பிரதிகள்தான் அச்சாகின்றன. 250 ரூபாய்ப் புத்தகம் 300 பிரதி விற்றால் 75,000 ரூபாய். வழக்கமான பத்து சதவீத ராயல்டி என்றால் எழுத்தாளருக்கு 7,500. இரண்டு மூன்று வருடம் எழுதியதற்கு அவ்வளவுதான். பிடிஎஃப் படித்தவரெல்லாம் காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள் என்று நான் வாதாட மாட்டேன். ஒவ்வொரு டவுன்லோடையும் ஒரு டிக்கெட்டாக எண்ணும் சினிமா கணக்கு எனக்கும் ஒப்புதலில்லை. ஆனால் முந்நூறு பிரதிகளே அச்சடிக்கும் இடத்தில் ஐம்பது பேர் கழன்றுகொண்டால் மறுபதிப்பு வராது. "நூலகத்தில் ஓசியில்தானே படிக்கிறோம்?" என்று கேட்பவர்களுக்கு: நூலகத்தில் இருப்பது காசு கொடுத்து வாங்கிய பிரதி. நூலக ஆர்டரை நம்பியே ஓடும் சிறு பதிப்பகங்கள் இங்கே நிறைய.

அடுத்தது, டெலிகிராமில் ஆள் யாரென்று தெரியாது என்ற தைரியம். டெல்லியில் போட்டித்தேர்வுப் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியர், தன் புத்தகங்களும் வீடியோக்களும் சேனல்களில் சுற்றுவதாக வழக்குப் போட்டார். சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது, அந்த நாட்டுச் சட்டம் தடுக்கிறது என்று டெலிகிராம் சொல்லிப் பார்த்தது. 2022 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சேனல் நடத்தியவர்களின் பெயர், போன் நம்பர், ஐபி முகவரி எல்லாம் மூடிய உறையில் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தன. அதற்கு முன்பே, 2020இல், ஓர் இந்தி நாளிதழின் இ-பேப்பரை தினமும் பிடிஎஃப்பாக ஏற்றிய சேனல்கள் மீது இதே நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. காலையில் காபியோடு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் செய்தித்தாளையும் வார இதழையும் போடும் சித்தப்பாக்கள் கவனிக்கவும்.

"எழுத்தாளர் இறந்து போயிட்டாரே?" இறந்தாலும், இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் உரிமை வாரிசுகளுக்கு. 1965இல் இறந்தவரின் எழுத்து 2026 ஜனவரி 1 அன்றுதான் பொதுச்சொத்தானது. தமிழக அரசு வாரிசுகளுக்குத் தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கிய நூல்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: கல்கி 1954இல் காலமானார், அவர் எழுத்தை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். ஆனால் இன்றைய பதிப்பில் இருக்கும் புது ஓவியமும், புது முன்னுரையும் அவர் எழுதியவை அல்ல. அப்படியே ஸ்கேன் செய்தால் ஓவியருக்கும் முன்னுரை எழுதியவருக்கும் பதில் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பும் அப்படித்தான். மூலம் எவ்வளவு பழையதானாலும் மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு.

"குரல் என்னுடையதுதானே?" யூடியூபில் முழு நாவலையும் வாசித்து ஏற்றுபவர்களின் கேள்வி. குரல் உங்களுடையது. கதை? 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் (பதிப்புரிமை மீறல் எச்சரிக்கை) விழுந்தால் சேனலையே மூடிவிடுவார்கள், அதில் நீங்கள் சொந்தமாகச் செய்த வீடியோக்களும் சேர்ந்தே போகும்.

இவ்வளவு சொல்கிறேனே, உரிமையாளர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று அர்த்தமில்லை. 2012இல் ஒரு தமிழ்ப் படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் தெரியாத எதிரிகளை 'அசோக்குமார்' என்று குறிப்பிட்டுத் தடை வாங்கினார்கள். அதைக் காட்டி இணைய இணைப்புத் தரும் நிறுவனங்கள் விமியோ போன்ற ஒழுங்கான வீடியோ தளங்களையும் மொத்தமாக முடக்கின. குறிப்பிட்ட இணைப்புகளை மட்டுமே தடுக்கலாம், தளத்தையே மூடக் கூடாது என்று பிறகு நீதிமன்றமே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தின் ஜெராக்ஸ் கடை மீது மூன்று பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்கள் போட்ட வழக்கும் அப்படித்தான். பாடத்துக்குத் தேவையான பகுதிகளைத் தொகுத்துக் கொடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது என்று 2016இல் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டே பதிப்பகங்கள் வழக்கை வாபஸ் வாங்கின. உரிமையே இல்லாமல் மிரட்டல் நோட்டீஸ் அனுப்புபவர் மீது நீங்களே வழக்குப் போட 60ஆம் பிரிவு இருக்கிறது. அதை யாரும் பயன்படுத்துவதில்லை, பயந்துபோய் வீடியோவை நீக்கிவிடுகிறார்கள்.

புத்தகம் எங்குமே கிடைக்கவில்லை என்ற வாதத்துக்கு மட்டும் எனக்கு மனம் இளகும். அச்சில் இல்லாத நல்ல நூல்கள் தமிழில் ஏராளம். இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலை லாப நோக்கமில்லாத பொது நூலகம் தன் உபயோகத்துக்கு மூன்று பிரதி வரை எடுத்துக்கொள்ளலாம் என்று 52ஆம் பிரிவு சொல்கிறது. பார்வையற்றோர் படிக்க ஏற்ற வடிவத்துக்கு மாற்றவும் வழி இருக்கிறது. மூன்று பிரதி என்பது இந்தக் காலத்துக்குப் போதாது, திருத்த வேண்டிய பிரிவு அது. ஆனால் சேனல்களில் நான் பார்க்கும் பிடிஎஃப்களில் பல, பதிப்பகத்தில் இன்றும் ஸ்டாக் இருக்கும் புத்தகங்கள்.

ஸ்கேன் செய்யக் கை அரிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் உழைப்புக்கு வேலை காத்திருக்கிறது. நாட்டுடைமை நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கத் இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் ஆள் போதவில்லை. மதுரைத் திட்டம் 1998 முதல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறது. ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்ற இணையத் திட்டம் இருக்கிறது. உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் பழைய நூல் வேண்டுமென்றால் அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சந்தோஷமாக அனுமதி கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், போனில் சொன்னார் என்பதெல்லாம் பின்னால் நிற்காது.

ஏற்கெனவே சேனல் நடத்துபவர்கள், உரிமையுள்ள நூல்களை இன்றே நீக்குங்கள். 'கல்வி நோக்கத்துக்காக மட்டும்' என்று கீழே எழுதி வைப்பதால் ஒன்றும் ஆகாது. குரூப் அட்மின், உறுப்பினர் போட்டதற்கெல்லாம் தானாகப் பொறுப்பாளி ஆகிவிட மாட்டார். ஆனால் அந்த ஃபைலை நீங்களே எல்லோர் கண்ணிலும் படும்படி குரூப்பின் மேலே 'பின்' (pin) செய்து வைத்திருந்தால் கதை வேறு.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் எழுத்தாளரின் ஃபேஸ்புக் பக்கத்தில் போய்ச் சண்டை போடாதீர்கள், அழுதும் வைக்காதீர்கள். எதை எப்போது நீக்கினீர்கள் என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நோட்டீஸில் கொடுத்திருக்கும் கெடுவுக்குள் ஒரு வக்கீலைப் பாருங்கள். நோட்டீஸ் வந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடாமல், கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதி எடுத்து வாருங்கள்.