லிமிடெட் எடிஷன் வாட்ச் வாங்குகிறீர்களா? எண்ணை விடுங்கள், உள்ளே பாருங்கள்

இப்போதெல்லாம் என்னிடம் ரிப்பேருக்கு வரும் வாட்ச்களில் நிறையவற்றின் பின்மூடியில் "500-ல் 137" என்கிற மாதிரி ஓர் எண் பொறித்திருக்கிறது. கொண்டுவருபவர் என்ன கோளாறு என்று சொல்வதற்கு முன்பே அந்த எண்ணைத்தான் காட்டுவார். மூடியைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் ஜப்பானின் சீகோ குழுமத்தின் என்எச்35 மெஷின், வாட்சை ஓட்டும் உள்பாகத்தைத்தான் மெஷின் என்கிறேன். அது நல்ல மெஷின்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை: உராய்வைக் குறைக்கும் 24 மாணிக்கக் கல், மணிக்கு 21,600 துடிப்பு, முழுச் சாவியில் சுமார் 41 மணி நேரம் ஓடும், ரொம்பவும் கெட்டுப்போனால் மெஷினையே மாற்றிவிடலாம், செலவும் அதிகம் ஆகாது. அதைப் போட்டு வாட்ச் செய்வதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதே வாட்சை "தனிக் கைவினைஞர் உருவாக்கியது" என்று சொல்லிப் பத்து மடங்கு விலைக்கு விற்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் வாங்குகிறவர் கொஞ்சம் விழித்துக்கொள்ள வேண்டும்.

டயலில் நிறம் மாற்றி, ஸ்ட்ராப் மாற்றி, மூடியில் எண் போட்டால் எந்த வாட்சும் லிமிடெட் எடிஷன்தான். எண் போட ஒரு லேசர் மெஷின் போதும். நிஜமாகவே ஒருவர் உட்கார்ந்து கையால் செய்யும் வாட்சில் எண்ணிக்கை குறைவதற்குக் காரணம் வேறு. அதற்குமேல் அவரால் செய்ய முடியாது, அவ்வளவுதான்.

பிலிப் டுஃபூர் என்று சுவிட்சர்லாந்தில் ஒருவர் இருக்கிறார். 1948-ல் பிறந்தவர். ஜூரா மலையில் வாலே து ஜூ என்கிற பள்ளத்தாக்கில், பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் பட்டறை வைத்திருக்கிறார். 1992-ல், மணியைத் தானாகவே அடித்துச் சொல்லும் சிக்கலான அமைப்பைக் கைக்கடிகாரத்துக்குள் அடக்கிக் காட்டியவர். 1996-ல் இரண்டு பேலன்ஸ் வீல், அதாவது இப்படியும் அப்படியும் ஆடி வாட்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சக்கரம், உள்ள ஒரு வாட்ச் கொண்டுவந்தார், பெயர் டூவாலிட்டி, மொத்தம் ஒன்பதுதான் செய்தார். 2000-ல் வந்த சிம்ப்ளிசிட்டிதான் இன்றுவரை எல்லாரும் பேசுவது. மணி முள், நிமிட முள், கீழே சின்னதாக ஒரு விநாடி முள், வேறு எதுவும் கிடையாது, தேதிகூடக் கிடையாது. அளவும் 34 அல்லது 37 மில்லிமீட்டர்தான், இன்றைய கணக்கில் சிறியது. அப்படிப்பட்ட வாட்ச் இருநூற்றுச் சொச்சம் செய்து முடிக்கப் பத்து ஆண்டுக்கு மேல் ஆனது. இருபதாம் ஆண்டுக்காக மறுபடி கொஞ்சம் செய்தார், அதில் முதலாவது 2020 நவம்பரில் ஜெனீவாவில் 13 லட்சம் பிராங்குக்கு மேல் ஏலம் போனது. மூன்று முள் மட்டும் உள்ள ஒரு சாவி வாட்ச்! ஏலக்காரர்கள் கிளப்பும் ஜுரமும் இந்த விலையில் சேர்ந்திருக்கிறது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் ஜுரம் கிளம்பியதற்கு ஒரு காரணம் வேண்டும் அல்லவா, அது அந்த வாட்சின் பின்பக்கத்தில், கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறது.

மெஷினின் மேல்தகடுகளை நாங்கள் பிரிட்ஜ் என்போம். பல்சக்கரங்களின் மேல்முனையைப் பிடித்து நிறுத்துவது இவைதான். வெட்டி எடுத்தவுடன் அதன் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிர் இருக்கும். அது உதிர்ந்து பல்சக்கரத்தில் விழுந்தால் வாட்ச் நின்றுபோகும் என்பதால் அந்தக் காலத்தில் ஓரத்தைச் சாய்வாக அரத்தால் சீவிவிடுவார்கள். தேவைக்காகத் தொடங்கியது நாளாக நாளாக ஒரு கலையாகிவிட்டது. பிரெஞ்சில் ஆங்லாஜ் என்கிற அந்த வேலையில், 45 டிகிரி சரிவு, ஓரம் முழுக்க ஒரே அகலம், எங்கேயும் அலை அடிக்காத பளபளப்பு வர வேண்டும். முதலில் அரம், அடுத்து மேலும் மேலும் நைசான கல்லும் தாளும், கடைசியில் மரக்குச்சியின் நுனியில் பாலிஷ் பேஸ்ட் தடவித் தேய்ப்பது. அந்தக் குச்சிக்கு டுஃபூர் பயன்படுத்துவது ஜூரா மலையில் தானாக முளைக்கும் ஜென்ஷியன் என்ற செடியின் காய்ந்த தண்டு. பேஸ்ட்டைச் சீராகப் பிடித்துக்கொள்ளும், உலோகத்தில் கீறலும் போடாது. ஜப்பானில் சீகோவின் மைக்ரோ ஆர்ட்டிஸ்ட் ஸ்டூடியோவில் வேலை செய்பவர்களுக்கும் இந்த வழியைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான், ரகசியம் என்று மூடி வைத்துக்கொள்ளவில்லை.

வாங்குபவர் பார்க்க வேண்டியது இந்தச் சரிவு உள்நோக்கித் திரும்பும் மூலை. வெளிமூலையைக் கூர்மையாகப் பாலிஷ் செய்வது அவ்வளவு கஷ்டம் இல்லை. உள்மூலையில் இரண்டு சரிவுகள் வந்து ஒரு கோட்டில் சேர வேண்டும், அந்தக் கோடு கத்தியால் கீறியதுபோல் இருக்க வேண்டும். சுற்றுகிற கருவி எதுவுமே அங்கே போனால் தன் உருண்டையின் அளவுக்கு மூலையை வளைத்துவிடும். ஆகவே உள்மூலை வழவழவென்று உருண்டு திரும்பினால் மெஷின் வேலை, கூர்மையாக மடிந்தால் கை வேலை என்று ஓரளவு நம்பலாம். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் இருந்தால் போதும், நகைக்கடையிலேயே கேட்டு வாங்கிப் பார்க்கலாம். இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. வாங்குகிறவர்கள் உள்மூலையைத் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும், அவசியமே இல்லாத இடத்திலும் மூலை மூலையாக வைத்து பிரிட்ஜ் வரைகிறார்கள். சிம்ப்ளிசிட்டியின் பிரிட்ஜ் வளைவுகளைப் பார்த்துவிட்டு அவற்றைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

அடுத்தது கறுப்பு பாலிஷ். எஃகுத் துண்டு ஒன்றைத் தட்டையான வெள்ளீயக் கட்டியின்மேல், டயமன்டீன் என்கிற அலுமினியம் ஆக்சைடு பொடியை எண்ணெயில் குழைத்துத் தடவி, வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். பெயரில் டயமண்ட் இருந்தாலும் அதில் வைரம் கிடையாது. முடிந்தபிறகு ஒரு கோணத்தில் பார்த்தால் எஃகு முழுக்கக் கறுப்பாகத் தெரியும், கொஞ்சம் சாய்த்தால் சட்டென்று வெள்ளையாக ஒளிரும், இடையில் சாம்பல் நிறமே வராது. சாம்பல் தெரிந்தால் பரப்பு இன்னும் சமமாகவில்லை என்று அர்த்தம். தேய்க்கும்போது எங்கிருந்தோ ஒரு தூசி வந்து விழுந்து ஒரு கீறல் போட்டால் திரும்பவும் முதலில் இருந்து. சின்ன ஸ்க்ரூவின் தலைக்கே இப்படி என்றால் மற்றதை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரூக்களை நீலமாக்குவது இதைவிடச் சுலபமாகத் தெரியும். பித்தளைத் துருவலை ஒரு தட்டில் போட்டு, மணலில் கடலை வறுப்பதுபோல அதில் ஸ்க்ரூவை வைத்துச் சூடாக்குவார்கள். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா என்று நிறம் மாறி, கிட்டத்தட்ட 300 டிகிரியில் அந்த நீலம் வரும், அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும், தவறினால் நீலம் வெளிறிப்போய் மறுபடி பாலிஷ், மறுபடி சூடு. மலிவு வாட்ச்களில் உள்ள நீல ஸ்க்ரூவும் நீல முள்ளும் பெரும்பாலும் பெயின்ட் அல்லது ரசாயனப் பூச்சுதான். பெயின்ட் எந்த வெளிச்சத்திலும் ஒரே நீலமாக இருக்கும், சூட்டில் வந்த நீலம் நிழலில் கறுப்பாகவே தெரிந்து வெளிச்சம் படும்போது மட்டும் பளிச்சென்று எழும்பும்.

பிரிட்ஜ் மேல் உள்ள பட்டை பட்டையான கோடுகள், ஜெனீவா ஸ்ட்ரைப்ஸ் என்பவை, இன்று சாதாரண வாட்சில்கூட வந்துவிட்டன, அதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு பிரிட்ஜில் முடிகிற கோடு பக்கத்து பிரிட்ஜில் அதே நேரில் தொடர்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. தெரியாத வேலையும் இருக்கிறது, ரிப்பேர்காரனாக எனக்கு அதன்மேல்தான் மரியாதை அதிகம். பேலன்ஸ் வீல் சுற்றுவது பிவட் என்கிற முனையில், அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதைப் பளபளப்பாக்குவதில் தேய்த்து எடுப்பதைவிட அழுத்தி இறுக்குவதுதான் முக்கியம். கடினமான தட்டையான கருவியால் அழுத்தித் தேய்க்கும்போது மேற்பரப்பு இறுகி, கல்லில் சுற்றும்போது தேய்மானம் குறையும். இது சரியாக நடந்திருக்கிறதா என்று கடையில் யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது, பல வருஷம் கழித்து வாட்சைப் பிரிக்கிறவனுக்குத்தான் தெரியும்.

வேலை நடக்கும் வரிசையும் விசித்திரமானது. பாகங்களை வெட்டி முடித்ததும் பாலிஷ் இல்லாமலே வாட்சை முழுக்கக் கோர்த்து ஓடவிடுவார்கள். பல்சக்கரங்களின் இடைவெளி, கற்களின் உயரம், கிடத்தியும் நிமிர்த்தியும் ஆறு நிலைகளில் எவ்வளவு விநாடி கூடுகிறது குறைகிறது, எல்லாம் பார்த்துச் சரிசெய்வார்கள். சரி, ஓடுகிறது என்று தெரிந்தபிறகு மொத்தத்தையும் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் மேலே சொன்ன ஃபினிஷிங் வேலை எல்லாம் செய்து, கழுவி, எண்ணெய் இட்டு, இரண்டாவது முறை கோர்ப்பார்கள். ஜெர்மனியில் லாங்கே கம்பெனி தன் எல்லா வாட்சையும் இப்படி இரண்டு முறை கோர்க்கிறது. தனி ஆளாகச் செய்பவர் இதையும் தானேதான் செய்ய வேண்டும் என்றால் வருஷத்துக்கு எத்தனை வாட்ச் வரும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

கைவேலை என்றால் லேசாகக் கோணல் மாணலாக, "மனிதக் கை பட்டது" தெரிகிற மாதிரி இருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள், விற்பவர்களும் ஃபினிஷிங் மோசமாக இருந்தால் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். இங்கிலாந்தில் ரோஜர் ஸ்மித் என்ற இளைஞர் ஒரு பாக்கெட் வாட்ச் செய்து, ஐல் ஆஃப் மேன் தீவில் இருந்த ஜார்ஜ் டேனியல்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினார். சாவியின் விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக பேலன்ஸ் வீலுக்கு விடும் அமைப்பில் புதுவகையான கோஆக்சியல் எஸ்கேப்மென்டைக் கண்டுபிடித்த அதே டேனியல்ஸ்தான், பின்னால் 1999-ல் ஒமேகா எடுத்துக்கொண்டது அதைத்தான். பெரியவர் பார்த்துவிட்டு, இது கையால் செய்ததுபோல் தெரிகிறதே, திரும்பச் செய் என்று அனுப்பிவிட்டார். ஸ்மித் இரண்டாவது வாட்சுக்குப் பல வருஷம் எடுத்துக்கொண்டார், அது தேறியது. அந்த இரண்டாவது பாக்கெட் வாட்ச் 2023-ல் நியூயார்க்கில் 49 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. கை பட்ட தடம் தெரியாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலில் கைவேலைக்கு அளவுகோல்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. யாரும் எல்லாவற்றையும் தானே செய்வது இல்லை. மெயின் ஸ்பிரிங், செயற்கை மாணிக்கக் கல், சஃபையர் கண்ணாடி, ஸ்ட்ராப் இவற்றைப் பெரும்பாலோர் வெளியில்தான் வாங்குகிறார்கள், பேலன்ஸ் வீலோடு சேர்ந்து ஆடும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கும் பலருக்கு அப்படியே. கேஸ் செய்வதற்கென்றே தனி ஆட்கள் இருக்கிறார்கள். பிரிட்ஜை வெட்டக் கம்ப்யூட்டர் மெஷின் வைத்திருப்பவரும் உண்டு, அதனால் அவர் மட்டம் என்று ஆகிவிடாது. யூனிட்டாஸ் 6497 என்று பாக்கெட் வாட்சுக்காக வடிவமைத்த ஒரு மெஷின் இருக்கிறது, 36.6 மில்லிமீட்டர் அகலம், அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு பிரிட்ஜ்களைப் புதிதாகச் செய்து நல்ல ஃபினிஷிங்கோடு விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அதை வெளிப்படையாகச் சொன்னால் நான் தயங்காமல் வாங்கலாம் என்பேன். "மெஷின் யாருடையது, அதில் நீங்கள் கையால் செய்தது எந்தெந்தப் பாகம்" என்று ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். நேர்மையான ஆள் பக்கம் பக்கமாக எழுதுவார், அவருக்கு அதைவிடப் பிடித்த பேச்சு கிடையாது. மற்றவர்களிடம் இருந்து "பாரம்பரியம்", "ஆன்மா" என்று இரண்டு வரி வரும்.

முன்பணமும் யோசிக்க வேண்டிய விஷயம். பழைய பாரிஸ் வாட்ச் மேதை பிரெகே காலத்திலேயே கால் பங்கு பணம் முன்னால் கொடுத்து வாட்சுக்குப் பெயர் பதிவு செய்யும் வழக்கம் இருந்தது, 1999-ல் எஃப். பி. ஜூர்ன் என்ற வாட்ச் கலைஞர் தன் முதல் 20 டூர்பில்லான்களை (பேலன்ஸ் வீலையே சுழலும் கூண்டில் வைத்த வாட்ச்களை) அதே முறையில்தான் விற்றார். ஆகவே முன்பணம் கேட்டாலே மோசடி என்று ஓட வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலும் ஒருவரை நம்பித்தான் அந்தப் பணம் போகிறது, அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் என்ன ஆகும், வாட்ச் தாமதமானால் பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு பைசா அனுப்பாதீர்கள்.

அப்புறம் சர்வீஸ். என்எச்35-க்கு எந்த ஊரிலும் பாகம் கிடைக்கும். நூறு வாட்ச் மட்டும் செய்தவரின் மெஷினில் ஒரு பல்சக்கரம் உடைந்தால் அதை அவரே செய்துகொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது புதிதாக வெட்ட வேண்டும். வாங்கும்போதே வரைபடமும் உதிரிப் பாகங்களும் யாரிடம் இருக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஒன்று வைத்திருப்பவர்களுக்கு: நண்பர்களுக்குக் காட்ட மூடியைத் திறக்காதீர்கள். இப்படிப்பட்ட பல மெஷின்கள் ஜெர்மன் சில்வரில் செய்தவை. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த உலோகம் அது, வெள்ளி துளிகூடக் கிடையாது. அதற்கு மேல்முலாம் போடாமல் விடுவதும் உண்டு, நம் ஊர் வியர்வையில் ஒரு விரல் பட்டால் அந்த ரேகை கறையாக அப்படியே நின்றுவிடும். கேஸில் கீறல் விழுந்தது என்று பஃபிங் சக்கரத்தில் கொடுத்துவிடாதீர்கள், ஸ்ட்ராப் மாட்டுகிற லக்கின் கூர்மையான விளிம்பு ஒரே தடவையில் மழுங்கிவிடும், பிறகு யாராலும் அதைக் கொண்டுவர முடியாது. யாரிடம் சர்வீஸ் கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன் பின்பக்கக் கண்ணாடி வழியாக ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையையும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அளவு சரியில்லாத ஸ்க்ரூ டிரைவர் வழுக்கினால் முதலில் கீறல் விழுவது அங்கேதான், திரும்ப வாங்கும்போது அந்த போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.