ஒரே இழையில் முடியுமா? சிக்குக் கோலத்துக்குள் இருக்கும் கணக்கு

3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கும் நடுவில் கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்ள வேண்டும், கோடு எப்போதும் சாய்வாகவே போக வேண்டும், ஓரத்துக்கு வந்தால் வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். இவ்வளவுதான் விதி. எங்கே ஆரம்பித்தாலும் சரி, கையை எடுக்காமல் 12 புள்ளியையும் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேருவீர்கள். இப்போது வரிசைக்கு 3 புள்ளியாகக் குறைத்துப் பாருங்கள். புள்ளி குறைந்ததால் சுலபமாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் இழை பாதியிலேயே மூடிக்கொள்ளும், இன்னொரு இழை தொடங்க வேண்டும், அப்புறம் இன்னொன்று. மொத்தம் 3 இழை.

போடுகிறவரின் கைத்திறனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. புள்ளி வைத்து முடித்த கணமே எத்தனை இழை வரும் என்பது முடிவாகிவிட்டது. செவ்வகமாகப் புள்ளி வைத்தால், வரிசைகளின் எண்ணிக்கைக்கும் வரிசைக்கு உள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொதுக் காரணி என்னவோ, அத்தனை இழை. 3-க்கும் 4-க்கும் அது 1. 3-க்கும் 3-க்கும் 3. ஆறாம் வகுப்பில் எதற்கு என்றே தெரியாமல் போட்டுத் தள்ளிய அதே மீ.பொ.கா.தான்.

ஏன் என்று பார்ப்பதுதான் சுவாரசியம். வெளிப்புள்ளிகளிலிருந்து அரை இடைவெளி தள்ளி நான்கு பக்கமும் ஒரு சட்டம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இழை அதற்குள் சுண்டிவிட்ட கேரம் காய் மாதிரி 45 டிகிரியில் ஓடி, சட்டத்தில் பட்டுப் பட்டுத் திரும்புகிறது. அகலம் 6 புள்ளி, உயரம் 4 புள்ளி என்று எடுப்போம். சாய்வு 45 டிகிரி என்பதால் பக்கவாட்டில் எவ்வளவு நகர்கிறதோ அதே அளவு மேலும் கீழும் நகரும். புள்ளிக்குப் புள்ளி உள்ள இடைவெளியை ஓர் அலகு என்று வைத்தால் சட்டத்தின் அகலம் 6 அலகு, உயரம் 4 அலகு. ஆக, பக்கவாட்டில் ஒருமுறை போய்வர 12 அலகு, மேலே போய்க் கீழே வர 8 அலகு. இரண்டும் சேர்ந்து தொடங்கிய இடத்தில் முடிய வேண்டுமென்றால் 12-க்கும் 8-க்கும் மீச்சிறு பொது மடங்கு, அதாவது 24 அலகு ஓட வேண்டும். அந்த 24 அலகுக்குள் கீழ்ச்சட்டத்தை எத்தனை முறை தொடும்? 8-க்கு ஒருமுறை, ஆக 3 முறை. ஆனால் கீழ்வரிசையில் 6 புள்ளி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தொடுமிடம். ஒரு இழை மூன்றைத்தான் எடுத்துக்கொள்கிறது, மீதி மூன்றுக்கு இன்னொரு இழை வேண்டும். 2 இழை, 6-க்கும் 4-க்கும் மீ.பொ.கா. 2.

ஒரே இடத்தை ஒரு இழை இரண்டு முறை தொட்டுவிடாதா என்று கேட்கலாம், நல்ல கேள்விதான். அப்படி நடக்க வேண்டுமென்றால் இழை எங்காவது மூலையில் மோதி வந்த வழியே திரும்ப வேண்டும். நம் இழை புள்ளிகளுக்கு நேர் கீழே, அதாவது அரை அலகுகளில் மட்டுமே சட்டத்தைத் தொடுவதால் மூலைப்பக்கம் போவதே இல்லை.

சதுரமாகப் புள்ளி வைத்தால் ஏன் இவ்வளவு மோசம் என்பதும் இதிலேயே விளங்கிவிடும். பக்கவாட்டுச் சுற்றும் மேல்கீழ்ச் சுற்றும் ஒரே நீளம், அதனால் இழை அடியை ஒருமுறை தொட்டதும் மூடிக்கொள்கிறது. 7-க்கு 7 வைத்தால் 7 இழை. அடுத்தடுத்த எண்களுக்கு 1-ஐத் தவிர பொதுக் காரணி கிடையாது என்பதால் 7-க்கு 8 வைத்தால் ஒரே இழையில் முடிந்துவிடும்.

இந்த விளையாட்டு தமிழ்நாட்டு வாசல்களுக்கு மட்டும் சொந்தமில்லை. ஆப்பிரிக்காவில், அங்கோலாவின் கிழக்குப் பகுதியில் வாழும் சோக்வே மக்களிடம் சோனா என்ற மணல் சித்திர மரபு உண்டு. மணலைச் சமன் செய்து, விரல்நுனியால் புள்ளி வரிசைகளைப் பதித்து, கதை சொல்லிக்கொண்டே புள்ளிகளைச் சுற்றிக் கோடு இழுப்பார்கள். நடுவில் தயங்கினாலோ நிறுத்தினாலோ அது குறை, பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் விடமாட்டார்கள். மொசாம்பிக்கில் வாழ்ந்த கணிதவியலாளர் பௌலுஸ் கெர்டஸ் இந்தச் சித்திரங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். சோனாவிலும் மேலே சொன்ன அதே மீ.பொ.கா. விதி அப்படியே செல்லும். டப்ளினில் இருக்கும், சுமார் கி.பி. 800-ஐச் சேர்ந்த கெல்ஸ் சுவடியின் பின்னல் அலங்காரங்களும் இந்தக் குடும்பம்தான், புள்ளிகள் மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

உடனே 'நம் பாட்டிகளுக்கு எண்ணியல் தெரியும்' என்று கிளம்பிவிடுகிறவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. அது பாட்டிகளுக்கும் பெருமை இல்லை, கணக்குக்கும் பெருமை இல்லை. தேற்றத்தை நிரூபிப்பது ஒரு வேலை. எந்த அமைப்பில் இழை அறாது என்று ஆயிரம் முறை போட்டு, பார்த்து, மனதில் பதித்து, அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது வேறு வேலை. அதுவும் அறிவுதான், எண்ணியல் என்ற பெயரைச் சூட்டினால்தான் அதற்கு மதிப்பு என்பதில்லை.

அவர்களின் சாமர்த்தியம் உண்மையில் வேறு இடத்தில் தெரிகிறது. 3-க்கு 3 வைத்துவிட்டீர்கள், 3 இழை வருகிறது, அதை ஒன்றாக்க வேண்டும். இரண்டு வெவ்வேறு இழைகள் வெட்டிக்கொள்ளும் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே குறுக்கே போகவிடாமல் இரண்டையும் முட்டித் திருப்பிவிடுங்கள். பெருக்கல் குறி போல இருந்தது முதுகோடு முதுகாக இரண்டு வளைவுகள் ஆகிவிடும், இரண்டு இழையும் ஒன்றாகிவிடும். இது எப்போதும் பலிக்கும், ஏனென்றால் இரண்டு வளையங்களை ஒரே இடத்தில் அறுத்து முனைகளை மாற்றிக் கட்டினால் ஒரு பெரிய வளையம்தான் கிடைக்க முடியும். 3 இழைக்கு இப்படி 2 இடம் போதும், 7 இழைக்கு 6. எந்த 6 இடம் என்பதில்தான் அழகு இருக்கிறது. கண்டபடி எடுத்தால் இழை ஒன்றாகும், ஆனால் கோலம் கோணலாகத் தெரியும். சமச்சீரும் கெடாமல் இழையும் ஒன்றாக வேண்டும் என்றால் நிஜமாகவே யோசிக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே ஒரே இழையாக இருப்பதில் கைவைத்தால் சில இடங்களில் அது இரண்டாகப் பிரிந்தும் போகும்.

கோலத்தைக் கணினிப் பக்கமிருந்து அணுகியவர்களும் உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், கோலங்களை ஒரு மொழியின் வாக்கியங்களைப் போல எடுத்துக்கொண்டு அவற்றை உருவாக்கும் இலக்கண விதிகளை எழுதினார்கள். சின்னக் கோலத்திலிருந்து பெரிய கோலம் எந்த விதியால் வளர்கிறது என்பது அவர்களுக்கு முக்கியம். பட இலக்கணம் என்ற துறையில் கோலத்துக்கு ஒரு நிரந்தர இடம் கிடைத்தது இப்படித்தான்.

ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம்: மீ.பொ.கா. விதி செவ்வகத்துக்கு மட்டும்தான், அதுவும் எந்த வெட்டுமிடத்தையும் திருப்பாதபோது. 1, 3, 5 என்று கூடிப் பிறகு குறையும் நேர்ப்புள்ளி அமைப்புக்கு இந்தச் சூத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனால் விடை வராது. அங்கே ஒரு முனையில் விரலை வைத்து இழை போகும் வழியிலேயே போய் எண்ண வேண்டியதுதான்.